முப்பத்திரண்டு குரல், ஒரே வயர்

ஹாலிஎலயைச் சுற்றியுள்ள தோட்டங்களில் திருவிழாக் காலம் நெருங்கிவிட்டால், கோயில் கமிட்டிக் கூட்டங்களில் ஒலியமைப்பு பற்றிய பேச்சு தவறாமல் எழும். முன்னர் அந்தப் பேச்சு “எத்தனை பெட்டி கொண்டு வருவீர்கள்?” என்பதோடு முடிந்துவிடும். இப்போது “டிஜிட்டல் மிக்சரா?” என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டிருக்கிறது. டிஜிட்டல் என்றால் விலைமனுவில் சற்றுக் கூட்டி எழுதலாம் என்பது ஒலியமைப்பாளருக்குத் தெரியும். டிஜிட்டல் என்றால் பக்கத்துத் தோட்டத்தைவிட நாம் ஒரு படி மேல் என்பது கமிட்டிக்காரரின் எண்ணம். ஆனால் இரு தரப்பாரும் கேட்காத கேள்வியொன்று உண்டு. மேடைக்கும் அந்த மிக்சருக்கும் இடையில் ஓடுகின்ற வயர் எது?

அந்த வயரைப் பற்றித்தான் இன்று எழுதப் போகிறேன். நான் பொறியியலாளன் அல்லன், கலைப்பட்டதாரி. ஆயினும் பத்திரிகைத் தொழில் கற்றுத்தந்த பழக்கமொன்று, ஒரு பொருளுக்குக் கொடுக்கப்படும் பணம் எங்கே போகிறது என்று தேடிப் பார்ப்பது. அப்படித் தேடியதில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான்: நமது பக்கத்தில் டிஜிட்டல் ஒலியமைப்புக்குப் பணம் தலைகீழாகச் செலவழிக்கப்படுகிறது. பெட்டிக்கும் மிக்சருக்கும் லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு, அவையனைத்தையும் தாங்கி நிற்கும் வயரை, வீட்டுக்கு இணைய இணைப்புப் போடுவதற்கு வாங்குகிற அதே கடையில், அதே மலிவுச் சுருளிலிருந்து வெட்டி வாங்குகிறோம்.

புரியாதவர்களுக்காகச் சற்றுப் பின்னோக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய முறையில் மேடையிலுள்ள ஒவ்வோர் ஒலிவாங்கிக்கும் ஒரு தனிச்சோடி வயர் உண்டு. இருபத்துநான்கு ஒலிவாங்கிக்கு இருபத்துநான்கு சோடி. அவையனைத்தையும் ஒரே தடித்த உறைக்குள் அடைத்து, மேடையிலிருந்து கூட்டத்தின் நடுவே இருக்கும் மிக்சர் வரை இழுத்துச் செல்வார்கள். தரையில் நெளிந்து கிடப்பதாலோ என்னவோ ஆங்கிலத்தில் அதற்குப் பாம்பு என்று பெயர். நம்மவர்களும் ‘ஸ்நேக்’ என்றே சொல்வார்கள். இருவர் சேர்ந்து தூக்க வேண்டிய பாரம் அது. லயத்துப் படிக்கட்டுகளில் அதைத் தோளில் சுமந்து ஏறிய இளைஞர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். ஆனால் அந்தக் கனத்த பாம்புக்கு ஒரு நற்குணம் இருந்தது. ஒரு சோடி அறுந்தால் ஓர் ஒலிவாங்கிதான் மௌனமாகும். அதைப் பிடுங்கி, சும்மா கிடக்கும் வேறொரு துளையில் சொருகிவிட்டு நிகழ்ச்சியைத் தொடரலாம்.

டிஜிட்டல் முறையில் அந்தப் பாம்பு மெலிந்துவிட்டது. மேடையோரத்தில் ‘ஸ்டேஜ் பொக்ஸ்’ எனப்படும் பெட்டி இருக்கும். ஒலிவாங்கிகள் அதில் வந்து சேரும். அங்கேயே ஒலி எண்களாக மாற்றப்படுகிறது: நொடிக்கு 48,000 தடவை, ஒவ்வொரு தடவையும் 24 பிட். பெருக்கிப் பார்த்தால் ஓர் ஒலிவாங்கிக்கு நொடிக்குப் பதினொன்றரை லட்சம் பிட்டுக்கு மேல் வரும். 48 ஒலிவாங்கிக்குக் கணக்கிட்டாலும் அது சாதாரண 100 மெகாபிட் இணைப்பொன்றுக்குள் அடங்கிவிடும். ஆகவே நெட்வேர்க் கேபிள் ஒன்றே போதும். சுண்டுவிரலிலும் மெல்லிய உறைக்குள் நான்கு முறுக்கிய சோடிகள். இதில் ஏமாற்று எதுவுமில்லை; உண்மையாகவே அற்புதம்தான். 2012இல் பெரிங்கர் நிறுவனம் எக்ஸ்32 என்ற மிக்சரை வெளியிட்ட பின்னர் இந்த அற்புதம் பெரிய அரங்குகளிலிருந்து இறங்கி, சிறு வாடகைக்காரரின் கைக்கும் எட்டும் விலைக்கு வந்தது. 2022இல் நமது ரூபாய் வீழ்ந்து டொலர் 360ஐத் தாண்டியபோது அந்த விலை மீண்டும் எட்டாத உயரத்துக்குப் போனதும், பழைய பெட்டிகளைத் தேடி நம்மவர்கள் அலைந்ததும் வேறு கதை.

நிற்க. முப்பத்திரண்டு குரலும் ஒரே வயரில் போகுமென்றால், அந்த வயர் போனால் முப்பத்திரண்டும் ஒன்றாகப் போகும். பழைய முறையில் கோளாறு வருமுன் இரைச்சல் வரும், கரகரப்பு வரும். காது பழகியவன் எச்சரிக்கையாகிவிடுவான். டிஜிட்டலில் அந்த எச்சரிக்கை அநேகமாகக் கிடைப்பதில்லை. பிழைகள் ஒரு எல்லை வரை காதுக்குத் தெரியாமலே கடந்துபோகும். எல்லை தாண்டினால் ஓரிரு ‘டிக், டிக்’. அதற்குப் பின் முழு மௌனம். மலைப்பாதையில் நடப்பவனுக்குக் கடைசி அடி வரை தரை உறுதியாகவே இருக்கும் அல்லவா, அதைப் போல.

சில வருடங்களுக்கு முன் ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டமொன்றின் திருவிழாவில் அந்த மௌனத்தை நேரில் கண்டேன். தோட்டத்தின் பெயரும் ஒலியமைப்பாளரின் பெயரும் இங்கு தேவையில்லை. பொன்னர் சங்கர் கதை நடந்துகொண்டிருந்தது. இரவு ஒன்பது மணி கடந்திருக்கும். சாமான் இறக்கிய லொறி திரும்பிப் போகையில் பாதையைக் கடந்து கிடந்த கேபிள்மீது ஏறிச் சென்றது. உடனே ஒன்றும் ஆகவில்லை. பத்து நிமிடம் கழித்து எல்லாப் பெட்டிகளும் ஒரே கணத்தில் ஊமையாயின. இளைஞர்கள் பிளக்கைக் கழற்றி மாட்டினால் வரும். கையை எடுத்தால் போகும். முக்கால் மணி நேரம் இப்படியே கழிந்தது. ஈற்றில் பழைய அம்பிளிஃபயர் ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து, இரண்டே இரண்டு ஒலிவாங்கியை நேராக அதில் சொருகி மீதியை நடத்தினார்கள். அதற்குள் கூட்டத்தில் பாதி கலைந்துவிட்டது. மறுநாள் காலை பெரட்டுக்குப் போக வேண்டிய பெண்கள் எவ்வளவு நேரம்தான் பனியில் உட்கார்ந்திருப்பார்கள்?

அந்தத் திருவிழாவின் செலவு அந்தப் பெண்களுடையது என்பதை வெளிநாட்டிலிருந்து படிக்கும் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். தோட்டக் கோயில்களுக்கான சந்தா பெரும்பாலும் செக்ரோலில், சம்பளத்திலிருந்தே கழிக்கப்படுகிறது. 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அதற்காகக் கொழுந்து பறித்த கைகள் கொடுத்த காசுதான் மேடையாகவும் விளக்காகவும் ஒலியாகவும் மாறுகிறது. வருடத்துக்கு ஒரு முறை வரும் இரவு அது. கூத்தாடும் முதியவர்களுள் சிலருக்கு அதுவே கடைசி மேடையாகவும் இருக்கலாம்.

மறுநாள் அந்த இளைஞனிடம் கேட்டேன். “புதுக் கேபிள்தான் சேர். கெட்-6. வாங்கி நாலு நாள்கூட ஆகவில்லை” என்றான். நசுங்கிய இடத்தில் வெட்டி ஒரு கம்பியைப் பிளேடால் சுரண்டிக் காட்டினான். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசிய கேபிள் அது.

இந்த முலாம் கேபிள்தான் நமது கடைகளில் நான் காணும் முதலாவது கேடு. அலுமினியத்தின் மின்கடத்துதிறன் செம்பினுடையதில் ஏறத்தாழ 61 வீதம்தான். ஆகவே நீளம் கூடக் கூடச் சமிக்ஞை விரைவில் நலிகிறது. அத்துடன் அலுமினியம் நாலு தரம் மடக்கினால் ஒடியும். திருவிழாவுக்குத் திருவிழா சுருட்டி விரிக்கப்படும் கேபிளுக்கு இதைவிடப் பொருந்தாத உலோகம் இருக்க முடியாது. நெட்வேர்க் கேபிளுக்கான சர்வதேசத் தரவிதிகள் முழுச் செம்பைத்தான் கேட்கின்றன. முலாம் பூசியது அந்த விதிகளுக்குள் அடங்காது. ஆனால் உறைமேல் ‘கெட்-6’ என்று அச்சிடுவதற்கு மை மட்டும் போதுமே. வாங்குபவர் செய்யக்கூடியது எளிது: ஒரே நீளமுள்ள சுருள் வழக்கத்தைவிட இலேசாக இருந்தால் சந்தேகப்படுங்கள், பிளேடால் சுரண்டிப் பாருங்கள். கடைக்காரர் சுரண்ட விடாவிட்டால், அதுவே பதில்.

அடுத்தது எண் மயக்கம். 5ஐவிட 6 நல்லது, 6ஐவிட 7 நல்லது என்று நினைப்பது இயல்பு. பரீட்சைப் புள்ளி போலப் பார்க்கிறோம். கெட்-5ஈ என்பது 100 மெகாஹேர்ட்ஸ் வரையும், கெட்-6 என்பது 250 வரையும் சோதிக்கப்படும் வகைகள். மேடைக்கும் மிக்சருக்கும் இடையில் ஓடும் இந்த 100 மெகாபிட் இணைப்புக்குக் கெட்-5ஈ தாராளமாகப் போதும். மேற்சொன்ன எக்ஸ்32 போன்ற மிக்சர்களின் கையேடே கேட்பது மின்கவசமிட்ட கெட்-5ஈ கேபிளைத்தான். 100 மீற்றருக்கு மேல் போகாதே என்றும் அது சொல்கிறது. கடைகளில் சாதாரண ஆர்ஜே-45 பிளக்குடன் ‘கெட்-7’ என்று விற்கப்படுவதைப் பற்றி என்ன சொல்ல? கெட்-7 வகைக்கென வகுக்கப்பட்ட பிளக்கே வேறு. அமெரிக்கத் தரநிர்ணயம் அந்த வகையை ஏற்கவுமில்லை. கோயில் காசில் அந்த எண்ணுக்கு ஒரு சதமும் கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

எண்ணைவிட முக்கியமானது, உள்ளேயிருப்பது ஒற்றைக் கம்பியா, பல இழைகளா என்பது. சுவருக்குள் ஒரு முறை பதித்துவிட்டு மறந்துவிடும் கேபிளுக்கு ஒற்றைக் கம்பி சரி. அதில் நலிவு குறைவு, தூரம் போகும். சுருட்டி விரிக்கும் கேபிளுக்குப் பல இழைச் செம்புதான் வேண்டும். தூரத்தில் சற்று விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். நூறு மீற்றரை எட்டிப்பிடிக்க நினைக்காமல் எழுபதோடு நிறுத்திக்கொள்வது புத்தி. கடையில் மலிவாகக் கிடைக்கும் 305 மீற்றர்ப் பெட்டிகள் ஒற்றைக் கம்பியாலான, கட்டடங்களுக்கான கேபிள். அதை வெட்டி மேடைக்குக் கொண்டுபோவதுதான் நமது வழக்கமாகிவிட்டது. பிளக்குகளும் ஒற்றைக் கம்பிக்கு வேறு, பல இழைக்கு வேறு என்பதைப் பலர் கேள்விப்பட்டதேயில்லை.

எந்தக் கேபிளையும் அதன் விட்டத்தைப் போல் நான்கு மடங்குக்குக் குறைந்த ஆரையில் வளைக்கக்கூடாது என்றொரு விதி உண்டு. வளைத்தால் உள்ளே சோடிகளின் முறுக்குக் குலைகிறது. ஒன்றின் பேச்சு மற்றொன்றில் கேட்கத் தொடங்குகிறது. ஹாலிஎலக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். இரண்டு ஸ்டேஷன் தள்ளியிருக்கும் தெமோதரையை நினைத்துக்கொள்ளுங்கள். 1924இல் பதுளை வந்து சேர்ந்த ரயில் பாதையை அமைத்தவர்கள், அங்கே சரிவைத் திடுமென இறக்க முடியாமல், பாதையை ஒரு பெரிய வட்டமாகச் சுற்றி, அதே ஸ்டேஷனுக்கு அடியிலுள்ள சுரங்கத்தின் வழியே கொண்டுபோனார்கள். தண்டவாளத்தை முழங்கையில் சுற்றிக் கட்டியிருந்தால் என்னவாகியிருக்கும்? நம் இளைஞர்கள் நிகழ்ச்சி முடிந்ததும் கேபிளை முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் இடையில் இறுக்கிச் சுற்றுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தெமோதரைதான் ஞாபகம் வரும். ஓர் உருளை வாங்கிக் கொடுங்கள். இரும்புக் கடைக்காரர்கூடச் செய்து தருவார்.

மின்கவசத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எக்ஸ்32 வகை மிக்சர்கள் பேசும் முறைக்கு ஏஇஎஸ்50 என்று பெயர். 2005இல் தரமாக்கப்பட்டது. பார்வைக்கு நெட்வேர்க் போலிருந்தாலும் இது நெட்வேர்க் அன்று. நான்கு சோடிகளில் இரண்டு ஒலியைச் சுமக்கும். மற்ற இரண்டும் காலக்கணிப்பைச் சுமக்கும். அந்தக் காலக்கணிப்பு ஒரு கணம் தடுமாறினாலும் ஒலி அறுகிறது. உராய்வால் உண்டாகும் நிலைமின்சாரத்தின் ஒரு சிறு பொறிகூட அதற்குப் போதும். ஊவாவில் ஆடி, ஆவணி மாதங்களில் வீசும் வரண்ட கச்சான் காற்று தேயிலைக்குத் தனி மணத்தைக் கொடுப்பது உலகறிந்தது. அதே வரண்ட காற்றில்தான் நிலைமின்சாரமும் சேரும். மேடையில் நைலோன் விரிப்பு வேறு. ஆகவேதான் மின்கவசமிட்ட கேபிளும், அந்தக் கவசத்தைப் பெட்டியின் உடலோடு இணைக்கும் உலோகப் பிளக்கும் வேண்டுமென்று வலியுறுத்துகிறார்கள். லீக்டன்ஸ்டைன் என்ற குட்டி நாட்டிலுள்ள நியூட்ரிக் நிறுவனம் செய்யும் ஈதர்கொன் என்ற உலோக உறை இதற்கென்றே வந்தது. சாதாரண பிளக்கின் பிளாஸ்டிக் நாக்கு ஒடிந்தால் அது தானாகவே கழன்று விழும். ஈதர்கொன் ‘க்ளிக்’ என்று பூட்டிக்கொள்ளும்; யாராவது தடக்கி விழுந்தாலும் விடாது.

கவசம் இரு முனையிலும் இணைந்திருப்பதால் இன்னொரு கவனமும் தேவை. மேடைக்கு ஜெனரேட்டரிலிருந்தும் மிக்சருக்குக் கோயில் மின்சாரத்திலிருந்தும் எடுப்பது நம்மிடையே சாதாரணம். இரண்டின் எர்த்தும் ஒரே மட்டத்தில் இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. வித்தியாசம் இருந்தால் மின்னோட்டம் கவசத்தின் வழியே ஓடும். இரு முனைக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுக்க வேண்டும். அவ்வளவுதான், இதற்குச் செலவு ஒரு நீட்டிப்பு வயர்.

டான்டே என்றொரு முறையும் இருக்கிறது. சிட்னியில் 2006இல் தொடங்கிய ஒடினேட் நிறுவனத்தின் படைப்பு. நரகத்தைப் பாடிய இத்தாலியக் கவிஞரின் பெயரை ஒலித்தொழில்நுட்பத்துக்கு வைத்தவர்களின் நகைச்சுவையை நான் ரசிக்கிறேன். டான்டே உண்மையான ஈதர்நெட். ஸ்விச்சுகளைக் கடந்து போகும், பல அறைகளுக்குப் பிரியும். ஏஇஎஸ்50ஐ ஸ்விச்சில் சொருகினால் ஒன்றும் நடக்காது. பிளக் ஒன்றுபோல இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொண்டு, “நடுவில் ஒரு ஸ்விச் போட்டால் தூரம் கூடும்தானே” என்று கேட்பவர்கள் உண்டு. டான்டேயில் கூடும், ஏஇஎஸ்50இல் கூடாது. நூறு மீற்றருக்கு மேல் வேண்டுமானால் அதற்கு ஃபைபர் ஒரு வழி. மலைச்சரிவில் இடி மின்னல் மிகுந்த சித்திரையிலும் ஐப்பசியிலும் திறந்த வெளியில் நீளச் செப்புக் கம்பி கிடப்பதைவிட, மின்சாரத்தைக் கடத்தாத ஃபைபர் பாதுகாப்பானதுங்கூட. ஆனால் நமது வாடகைக்காரர்களுக்கு அதன் விலையும் பழுதுபார்ப்பும் இன்னும் எட்டவில்லை. செப்பு வைத்திருப்போர் வானம் உறுமியவுடன் இரு முனையையும் கழற்றிவிடட்டும்.

பிளக் அடிப்பதில் நிகழும் ஒரு தவறு விசித்திரமானது. எட்டுக் கம்பிகளை இரு முனையிலும் ஒரே வரிசையில் அடுக்கிவிட்டால் போதும் என்று நினைத்து 1-2, 3-4, 5-6, 7-8 என்று சோடி சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். மலிவான சோதனைக் கருவியில் எட்டு விளக்கும் ஒழுங்காக எரியும். ஆனால் முறைப்படி 3உம் 6உம் ஒரு சோடி, 4உம் 5உம் ஒரு சோடி. மாறிவிட்டால் ஒரே சமிக்ஞை இரு வேறு முறுக்குகளில் பிரிந்து ஓடும். முறுக்கியதன் பயனே போய்விடும். இரண்டு மீற்றரில் வேலை செய்யும், ஐம்பது மீற்றரில் காலை வாரும். சோதனைக் கருவி பச்சை காட்டியது என்பதால் கேபிள் நல்லதென்று ஆகாது. அன்று மேடையில் ஓடவேண்டிய அதே பெட்டிகளுக்கிடையில், முழு நீளத்தில், மாலையிலேயே ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பார்ப்பதுதான் சோதனை.

இதையெல்லாம் சொன்னால் எனக்குக் கிடைக்கும் மறுமொழி இரண்டு. ஒன்று, “பழைய தடித்த பாம்புக்கே திரும்பிவிடலாமே.” எனக்கு உடன்பாடில்லை. செங்குத்துப் படிகளில் அதைச் சுமந்தவர்களின் முதுகுக்கு டிஜிட்டல் செய்த உபகாரம் சிறிதன்று. தப்பின் அதிர்வையும் முதியவரின் குரலையும் தனித்தனியே செம்மைப்படுத்தி, அடுத்த நாளுக்கும் நினைவில் வைத்திருக்கும் வசதியும் பழையதில் இல்லை. மற்றது, “இவ்வளவு நல்ல கேபிள் வாங்கக் காசு எங்கே?” உலோக உறையும் பல இழைச் செம்பும் கொண்ட ஐம்பது மீற்றர்க் கேபிள் இரண்டு வாங்கினாலும், மிக்சரும் ஸ்டேஜ் பொக்ஸும் சேர்ந்த விலையில் ஏறத்தாழ பத்திலொரு பங்குக்குள் அடங்கும். இரண்டு என்று சொல்வது வேண்டுமென்றேதான். ஒன்று ஓடும், மற்றது அதனருகிலேயே, வேறு தடத்தில், விரிக்கப்பட்டுக் காத்திருக்கும். லொறி ஏறினால் முக்கால் மணி நேரம் அல்ல, அரை நிமிடம்.

கடல் கடந்து வாழும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். டொரொன்டோவிலிருந்தும் லண்டனிலிருந்தும், கொழும்பிலும் மத்திய கிழக்கிலும் உழைக்கும் நம் பிள்ளைகளிடமிருந்தும் ஊர்க் கோயில்களுக்கு மிக்சர்கள் அன்பளிப்பாக வருகின்றன. உபயகாரரின் பெயரை மிக்சரின் முகப்பில் எழுதலாம். கேபிளில் எழுத இடமில்லை. அதனாலோ என்னவோ கேபிளை யாரும் உபயம் செய்வதில்லை. அடுத்த முறை பெட்டியோடு இரண்டு கேபிளையும் ஓர் உருளையையும் சேர்த்து அனுப்புங்கள். புதிதாக மண்டபம் கட்டுகிற கோயில்களுக்கோ, சாந்து பூசுமுன் சுவருக்குள் ஒரு குழாயைப் பதித்து, மேடையோரத்திலிருந்து பின்சுவர் வரை ஒற்றைக் கம்பிச் செப்புக் கேபிள் இரண்டை ஓட்டிவிடச் சொல்லுங்கள். கட்டி முடித்த பின் சுவரை உடைப்பதைவிட அது மலிவு.

கமிட்டிக்காரர்கள் ஒன்று செய்யலாம். விலைமனுவில் ‘சவுண்ட் சிஸ்டம்: மொத்தம்’ என்று ஒற்றை வரியில் எழுதிக் கொடுப்பதை ஏற்காதீர்கள். மேடை வயர் என்ன வகை, எத்தனை மீற்றர், மேலதிகமாக ஒன்று உண்டா என்று தனி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். லொறி கடக்கும் இடத்தில் கேபிளைத் தரையில் விடாமல் இரு கம்பம் நட்டு உயரத்தில் கொண்டுபோக வேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதிக்கொள்ளலாம். மூங்கிலுக்குத் தோட்டத்தில் பஞ்சமில்லை.